ஆறு முதல் எட்டு வரை

தம்பி, நீ கேட்டது பத்தே பத்து வாக்கியம். என் கல்யாணத்துக்கு வரும்போது, நான் கட்டிக்கொள்ளப்போகிற கிளாராவோடு அம்மா இரண்டு வார்த்தை பேச வேண்டாமா, சின்னச் சின்னதாகப் பத்து இங்கிலீஷ் வாக்கியம் சொல்லிக்கொடுங்கள், உங்களால் முடியாததா என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் சிரிக்கிற பொம்மை முகம் வேறு. அந்தச் செய்தி வந்து பதினோரு நாள் ஆகிறது. நீ மூன்று முறை கேட்டுவிட்டாய், நானும் மூன்று முறை "பார்க்கிறேன்" என்று போட்டுவிட்டேன். போனில் தட்டிப் பதில் சொல்கிற விஷயமில்லை இது. அதனால் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும், அதுவும் என் கைங்கரியம்தான். மெதுவாகவே படி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது. என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது, அம்மா கற்றுக்கொள்ளவும் மாட்டாள். கல்யாணத்துக்கும் அவள் வரப்போவதில்லை. உடம்பு சரியில்லை, விசா பயம், குளிர் தாங்காது என்று நான் உனக்கு ஏதாவது கதை கட்டியிருக்கலாம். கட்டிப் பழக்கப்பட்டவன்தான். இந்தத் தடவை வேண்டாம் என்று தோன்றுகிறது.

தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, படியேறினால் மூச்சு வாங்குகிற அந்த அறையில் நான் இருபத்தெட்டு வருடம் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தேன். உனக்கு அந்த அறை ஞாபகமிருக்கும். காலை ஏழு மணி வகுப்புக்கு ஜவுளிக்கடைப் பெண்கள் வருவார்கள், தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கடை திறக்குமுன் ஓடவேண்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளிலிருந்து பையன்கள், நகத்தில் கிரீஸோடு, துபாய் இன்டர்வியூவுக்குத் தயாராக. இலக்கணம் என்று வாயெடுத்தால் மறுநாள் ஒருத்தரும் வரமாட்டார்கள். அதனால் சுவரில் ஒரு சார்ட் மாட்டினேன். மூன்று பெட்டி. முதல் பெட்டியில் ஆள்: ஐ, யூ, ஹீ, ஷி, வீ, தே. நடுப் பெட்டியில் வேலை: கோ, கம், வெயிட், லுக், டாக், லிசன். கடைசிப் பெட்டியில் ஒட்டு: டு, ஃபார், வித், அட், ஃப்ரம், ஆஃப்டர். முதலில் ஆளை நிறுத்து, ஆளுக்கு ஒரு வேலை கொடு, வேலைக்குப் பின்னால் ஒட்டைப் போடு, ஒட்டுக்குப் பிறகு இன்னொரு ஆளைக் கொண்டுவா. ஐ வெயிட் ஃபார் யூ. ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹிம். தே லிசன் டு மீ. அன்றாடம் மனிதர்கள் பேசிக்கொள்வதில் பாதி இவ்வளவுதான் என்பேன். ஒருமுறை ஒரு பெண் எழுந்து, "சார், நம்மகிட்ட உனக்காகன்னு ஒட்டு ஆளோடயே ஒட்டிக்கிட்டு இருக்கு. இவன் எதுக்கு அதைப் பிய்ச்சுத் தனியா முன்னாடி நிறுத்துறான்?" என்று கேட்டாள். "அவங்க ஊர்ல எல்லாரும் தனித்தனியாத்தான் நிப்பாங்க, பழகிக்கோ" என்றேன். வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி அது, பதில் சொல்லாமல் ஜோக் அடித்துத் தப்பித்துக்கொண்டேன்.

உன் அம்மாவை நான் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று நீ கேட்டதேயில்லை. அடையாறு பஸ்ஸில். நல்ல கூட்டம். கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக்கொண்டே இருந்தார். முன்னால் நின்றிருந்த ஒரு பெண் திரும்பி, "இன்னா அண்ணே, இன்னும் எங்க உள்ள போறது? இதுக்கு மேல போனா டிரைவர் மடியிலதான் குந்திக்கினு வரணும். நான் ரெடி, அவரு சம்சாரத்தை யாரு கேக்கறது?" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது, டிரைவர் உட்பட. அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டிய நான் இறங்கவில்லை. பெசன்ட் நகர் வரை போனேன், அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே. ஊரூர் குப்பத்துப் பெண். அப்பா படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர். என் வீட்டில் ஆறு மாதம் ஒருவரும் என்னோடு பேசவில்லை. நான் கவலைப்படவேயில்லை, எனக்குத்தான் பேச ஆள் கிடைத்துவிட்டதே. முகத்தைப் பார்த்து, குணத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டவர்கள் இருப்பார்கள். நான் அவள் வாய்க்காகக் கட்டிக்கொண்டவன். இதை நீ மனதில் வைத்துக்கொண்டால்தான் மேலே நான் எழுதப்போவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும்.

ராஜா அண்ணாமலைபுரத்துக்குக் குடிவந்த பிறகு எனக்குக் கூச்சம் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீடுகளில் வக்கீல், வங்கி அதிகாரி. நான் இங்கிலீஷ் வாத்தியார். என் வீட்டு ஜன்னலிலிருந்து "இன்னா", "கீது", "வந்துகினே இருக்கேன்" என்று சத்தம் போனால் எனக்குக் காது சுடும். "இன்னாய்யா" என்று என்னைக் கூப்பிட்டவளை "என்னங்க"வுக்கு மாற்றினேன். அதற்கே இரண்டு வருடம் பிடித்தது. நீ இரண்டாம் வகுப்புக்குப் போனதும் எனக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. உனக்கு ஏழு வயது. மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று விதி போட்டேன். எல்லாம் குழந்தைக்காக என்று சொன்னேன், உறவுக்காரர்கள் மெச்சினார்கள். உனக்காக என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் பேச்சு எனக்கு அவமானமாக இருந்தது என்பதுதான். இதை இத்தனை வருடத்தில் இப்போதுதான் எழுதிப் பார்க்கிறேன்.

ஊறுகாய் பாட்டில்கள் மூன்று வைத்தேனே, ஆளுக்கு ஒன்றாகப் பேர் எழுதி. தமிழில் ஒரு சொல் பேசினால் ஒரு புளியங்கொட்டை. ஞாயிற்றுக்கிழமை யார் பாட்டிலில் அதிகமோ அவர் பாத்திரம் தேய்க்கவேண்டும். என்னைக்கும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அவள், அதில் அவளுக்கு என்ன நஷ்டம் என்று நான் வேடிக்கை பேசுவேன். முதலில் அவளும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். வேண்டுமென்றே கை நிறையக் கொட்டையை அள்ளி முன்கூட்டியே பாட்டிலில் போட்டுவிட்டு, "இப்போ இன்னிக்குப் பூரா பேசுவேன், இன்னா பண்ணுவீங்க?" என்பாள். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அட்வான்ஸ் செல்லாது என்று நான் அதற்கும் ஒரு விதி போட்டேன். உன்னை அவள் "நைனா" என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் "நைனா, பால் குடி" என்றதற்கு நீயே ஓடிப்போய் மூன்று கொட்டை எடுத்துவந்து அவள் பாட்டிலில் போட்டாய். அதில் நைனாவுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, குடிக்கு ஒன்று என்று கணக்குச் சொன்னாய். நான் கைதட்டினேன். அதற்குப் பிறகு அவள் உன்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? கைதட்டியவன் நான்.

அவள் கற்றுக்கொள்ள முயற்சியே செய்யவில்லை என்று நீ நினைத்திருக்கலாம், நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். முயன்றாள். சமையலறை வாசலில் நின்று, வகுப்பில் இருப்பதுபோலவே ஹாலிலும் நான் மாட்டியிருந்த சார்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முதல் பெட்டியையே தாண்டவில்லை. எந்த வாக்கியத்தையும் "ஐ" என்று ஆரம்பிக்க அவளுக்கு வாய் வரவில்லை. பசிக்குது, வலிக்குது, போவணும், புடிக்கும் என்று பேசி வளர்ந்தவள். நம் பேச்சில் ஆள் பின்னால் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. அங்கே முதலில் தன்னைக் கொண்டுவந்து நடு ஹாலில் நிறுத்தினால்தான் மற்றதெல்லாம். என்னைப்போல விரலை நீட்டிக்கொண்டு ஒருவன் எதிரில் உட்கார்ந்திருந்தால் யார்தான் வந்து நிற்பார்கள்?

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்குப் பத்து வயது. மறுநாள் உனக்குப் பேச்சுப் போட்டி, ஹாலில் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தோம். மணி ஆறேகால் இருக்கும். கீழே கேட்டில் வந்து நின்று யாரோ கூப்பிட்டார்கள், அம்மா இறங்கிப் போனாள். தனம் வந்திருந்தாள். உனக்குத் தெரியுமே, மீன் கொண்டுவருகிற தனம், அம்மாவோடு குப்பத்தில் ஒன்றாக வளர்ந்தவள். அம்மா படியேறி ஓடிவந்து, "அப்பாக்கு" என்று ஆரம்பித்தாள். நான் உன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் விரலை மட்டும் தூக்கி, "இங்கிலீஷ்" என்றேன். "மை ஃபாதர்" என்றாள். நின்றாள். "குட். ஆள் வந்தாச்சு. அடுத்தது என்ன? வேலை. வேலையைச் சொல்லு" என்றேன், வகுப்பில் பேசுகிற அதே குரலில். அவள் சார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உன்னையும் பார்த்தாள். நீயும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாய். பிறகு ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் பாட்டிலில் போட்டுவிட்டு உள்ளே போனாள். "அப்பாக்கு" என்று தமிழில் சொன்னதற்கு. நான் உன் உச்சரிப்பைத் திருத்தப் போய்விட்டேன்.

அவள் பின்பக்கமாக இறங்கிப் போனது எனக்குத் தெரியவில்லை. பர்ஸ்கூட எடுக்கவில்லை, ஆட்டோவுக்குக் கையில் காசில்லை. அந்தப் போக்குவரத்தில் அடையாறு பாலத்தைத் தாண்டிக் குப்பம் வரைக்கும் நடந்தும் ஓடியும் போயிருக்கிறாள். மகளைப் பார்க்கணும் என்று அவள் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவள் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மூச்சு நின்றதாம். எட்டு மணிக்கு நான் சாப்பாடு எங்கே என்று தேடியபோதுதான் வீட்டில் அவள் இல்லை என்பதே தெரிந்தது. அன்றைக்கு அவள் சொன்னதை நான் காதில் வாங்கியிருந்தால், ஆட்டோவில் கால்மணி நேரத்தில் போயிருப்பாள். உன்னிடம் தாத்தா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னேன். மறுநாள் காலையில் உன்னைப் பேச்சுப் போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போனேன், சாவு வீட்டுக்கு மதியம்தான் போனோம். நீ முதல் பரிசு வாங்கினாய். அந்தக் கோப்பை இன்னும் ஷோகேஸில் இருக்கிறது, அவள்தான் வாராவாரம் துடைத்து வைக்கிறாள்.

அதற்கப்புறம் அவள் பாட்டிலில் கொட்டை ஏறவேயில்லை. அந்த ஒன்றோடு நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டி, "பார்த்தியாடா, அம்மாவுக்கும் இங்கிலீஷ் வந்துடுச்சு, ஒரு தப்புகூட இல்ல" என்று உன் முன்னால் மெச்சினேன். அவள் ஆறு மணிக்கு வாயை மூடினால் எட்டு மணிக்குத்தான் திறக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. இருபத்தெட்டு வருட வாத்தியாருக்கு, பேசாமல் இருப்பதற்கும் சரியாகப் பேசுவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு எட்டு மணிக்கு மேலும் பேச்சு குறைந்தது. பகலிலும் குறைந்தது. சாப்பாடு ஆச்சா, கேஸ் வந்தாச்சா, மழை வரும்போலிருக்கு, அவ்வளவுதான். வயசாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இந்தப் பத்து வாக்கிய விவகாரத்துக்கு வருகிறேன். வகுப்பு மூடியபோது சுருட்டிக் கொண்டுவந்த சார்ட்டைப் பரண் மேலிருந்து எடுத்து, தூசி தட்டி ஹாலில் மாட்டினேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "முதல் பாடம்" என்றேன். அவள் அந்தத் தாளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அடுப்புல பால் இருக்குங்க" என்று எழுந்து போனாள். போய்ப் பார்த்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை நடை போய்விட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பினேன். முழங்கால் வலி, அதனால் மெதுவாகப் படியேறினேன். மேலே பேச்சுச் சத்தம். யாரோ பெண் கணீரென்று பேசுகிறாள், மூச்சு விடாமல். யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். நம்பு, பெண்டாட்டி குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தனத்திடம் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னாடி சொல்றது, அந்தத் தாளை மறுபடியும் எடுத்து மாட்டிக்கினு குந்திக்கினு கீறாரு. கருவாடு காயப்போட்ட மாதிரி தொங்குது ஹாலுல. இந்த வயசுல எனக்கு ஐ சொல்லிக்குடுக்க வந்துட்டாரு." இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் கேட்ட அதே பெண், தம்பி, ஒரு இம்மி குறையவில்லை. அப்புறம் தனம், "புள்ளை கல்யாணம்டி, போய்ட்டு வா" என்றாள். "ஆசை இல்லாமலா? அங்க போயும் வாயை மூடிக்கினு ஒரு மூலையில குந்திக்கினு இருக்கணும். அதை இங்கயே செய்யறேனே. அவன் நல்லா இருந்தா போதும்." நான் ஒரு படி ஏறினேன். செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். பேச்சு அப்படியே நின்றது. உள்ளே போனபோது தனம் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், அம்மா என்னைப் பார்த்து, "காபி தரட்டுங்களா?" என்றாள்.

இந்தக் கடிதத்தை இன்று மதியம் எழுத ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு அவளிடம் போய், "பையனுக்கு எழுதிட்டிருக்கேன். கல்யாணத்தைப் பத்தி உன் வாயால அவனுக்கு ஏதாவது சொல்லணுமா? அப்படியே எழுதுறேன்" என்றேன். மணி ஆறரை. அவள் டி.வி.யில் சத்தமில்லாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். விரலால் அதில் எட்டைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன?" என்றேன். "எட்டாவட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள், சொன்னதே தப்பு என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீ கனடா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பாட்டில்களில் ஒன்றில் உப்பும் ஒன்றில் கடுகும் இருக்கிறது. விதி தானாகவே ஓய்ந்துவிட்டது என்று நான் இருந்துவிட்டேன். அது முடிந்தது என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. பன்னிரண்டு வருடமாக மாலையில் அவள் சீரியல் பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இன்னொன்றும் உறைக்கிறது. நீ கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை, நம் மாலை ஏழு மணிக்கு. உனக்கு அதுதான் காலை காபி நேரம். ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஒவ்வொரு முறையும் அவள் போனை வாங்கி, "ம்", "ம்" என்றுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். அம்மாவுக்கு என்மேல் பாசமே இல்லையா என்று நீ ஒருமுறை கேட்டாய். அவள் சுபாவம் அப்படி என்று நான் சொன்னேன்.

எட்டு மணிக்குப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எட்டாயிடுச்சு. சொல்லு" என்றேன். "எதைங்க?" "பையனுக்கு எழுத." கையிலிருந்த துணியை உதறினாள். "ஏதோ சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்துபோச்சு, விடுங்க." அந்த விதியெல்லாம் இப்போது இல்லை, எப்போதோ முடிந்துவிட்டது, நான் செய்ததெல்லாம் தப்பு, இனிமேல் எந்த நேரமும் உன் இஷ்டம்போல் பேசு என்றேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என் சட்டையை மடித்து மேலே வைத்துவிட்டு, "சரிங்க" என்றாள். அடுத்த துணியை எடுத்தாள். அதற்குமேல் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் அப்பா என்றால் ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும். கிளாரா தமிழ் படிக்கிறாள் என்றாய். ஆசையாகப் படிக்கட்டும். தப்பாகப் பேசினால் திருத்தாதே. அவள் ஏதோ சொல்ல வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு முதலில் விஷயத்தைக் கேள். வீட்டில் எந்தச் சுவரிலும் எதையும் மாட்டாதே.

இனி ஞாயிறு மாலையில் கூப்பிடாதே. நம் காலை ஏழரைக்குக் கூப்பிடு, உனக்கு முந்தின நாள் இரவு பத்து மணி ஆகும், கொஞ்சம் விழித்திரு. என் நம்பருக்கு வேண்டாம். அம்மாவுக்குத் தனியாக ஒரு போன் இருக்கிறது, நீ அதில் கூப்பிட்டதே இல்லை. நம்பரை அடியில் எழுதுகிறேன். எடுப்பாளா என்று தெரியாது. எடுத்தாலும் "ம்" என்று வைத்துவிடலாம். உன்னை நைனா என்று கூப்பிடுவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை, அதற்காக நீ காத்திருக்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருக்கமாட்டேன், நடை போய்விடுவேன். திரும்பி வரும்போது மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டால் படியேறமாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழேயே நிற்பேன்.